பழைய மடிக்கணினியில் லினக்ஸ்: பிள்ளைகளின் மைன்கிராப்ட் என்னவாகும்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய மடிக்கணினிகள் நம்மவர் வீடுகளில் நிறையவே இருக்கின்றன. லினக்ஸ் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம் என்றால் பெற்றோர் உடனே தலையாட்டுகிறார்கள். பிள்ளைகள்தான் முகம் சுளிக்கிறார்கள். என் அக்காள் மகன் கேட்ட முதல் கேள்வியே, "மாமா, மைன்கிராப்ட் ஓடுமா?" என்பதுதான். இரண்டு ஆண்டுகளாக அவன் கட்டிய கோட்டையும் ரயில் பாதையும் அதற்குள் இருக்கின்றன.

ஓடும். ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது எந்த மைன்கிராப்ட் என்று முதலில் பாருங்கள். ஜாவா, பெட்ராக் என்று இரண்டு உண்டு. விண்டோஸுக்கு எழுதிய பல விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட ஒயின் போன்ற இடைநிலை மென்பொருள் ஒன்று தேவைப்படும். மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசுவது மாதிரி. ஜாவா பதிப்புக்கு அது வேண்டாம். ஜாவா இருக்கும் கணினி எதுவானாலும் அது நேரடியாக ஓடும். பெட்ராக் பதிப்பு அப்படியில்லை. லினக்ஸுக்கு அதிகாரப்பூர்வமாக அது வெளிவரவே இல்லை.

புதிதாகத் தொடங்குவோருக்கு லினக்ஸ் மின்ட் வசதியானது. பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். அதுவரை விண்டோஸ் அப்படியே இருக்கும். மின்டை நிறுவிய பிறகு, மைன்கிராப்ட் இணையத்தளத்தில் டெபியன், உபுண்டுவுக்கென்று தரும் கோப்பை இறக்கி, இருமுறை சொடுக்கி நிறுவ வேண்டும். மின்டும் உபுண்டு வழி வந்ததுதான். தேவையான ஜாவாவை அந்த மென்பொருளே கொண்டுவந்துவிடும். பழைய மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தால் போதும், மறுபடியும் காசு கொடுக்க வேண்டாம். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினி திணறினால், அமைப்புகளில் 'ரெண்டர் டிஸ்டன்ஸ்' அளவைக் குறையுங்கள். என்விடியா அட்டை இருந்தால் 'டிரைவர் மேனேஜர்' வழியாக அதற்குரிய டிரைவரையும் போட்டுவிடுங்கள். இன்டெல் என்றால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

ஒரு குறை உண்டு. கைப்பேசியில் விளையாடும் நண்பர்கள் பெட்ராக்கில் இருப்பார்கள். ஜாவாவில் இருக்கும் பிள்ளை அவர்களோடு சேர முடியாது. அதற்கு லுவாந்தி என்ற இலவச மென்பொருளைப் பார்க்கலாம். 2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்தது இதுதான். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் நேரடியாக ஓடும். ஒரே வைஃபையில் இரண்டையும் இணைத்து விளையாடலாம். உள்ளேயே 'வோக்ஸெலிப்ரே' என்ற விளையாட்டை இறக்கிக்கொண்டால், மைன்கிராப்ட் பழகிய பிள்ளைக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பழைய கணினிக்கும் இது இலகு.

இனி கோட்டை விஷயம். விண்டோஸை அழிப்பதற்கு முன், ஆப்டேட்டா கோப்புறைக்குள் மைன்கிராப்டின் 'சேவ்ஸ்' கோப்புறையைத் தேடி, பென்டிரைவில் நகலெடுங்கள். இது ஜாவா பதிப்புக்கு. லினக்ஸில் அதே பெயருள்ள கோப்புறை பயனரின் ஹோம் பகுதியில் மறைந்திருக்கும். கண்ட்ரோல், எச் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் தெரியும். அங்கே ஒட்டினால் பழைய உலகம் திறக்கும். பெட்ராக் உலகங்கள் ஜாவாவில் அப்படியே திறக்காது, மாற்றி எடுக்கத் தனி மென்பொருள் வேண்டும். எதுவானாலும், நகலை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே வட்டை அழியுங்கள்.