பேஸ் வேண்டுமா? பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள்

சப்வூஃபர் வாங்க வருபவரின் முதற் கேள்வி, "பேஸ் நல்லா அடிக்குமா?" என்பதுதான். அதற்குப் பதிலாகப் பல கடைகளில் அட்டைப் பெட்டியிலுள்ள எண்ணைக் காட்டுகிறார்கள்: 3000 வொட்ஸ், 5000 வொட்ஸ்! ஹாலிஎலயைச் சூழவுள்ள தோட்டங்களிலிருந்து வருபவருக்கு இது பல மாதச் சேமிப்பு, அல்லது தவணைக் கடன். வீட்டுக்குப் போய் ஏமாந்தால் அவர் மட்டுமல்ல, அவரது லயனில் உள்ளவர்களும் அந்தக் கடைப் பக்கம் வரமாட்டார்கள்.

எண்ணின் உண்மை

பீ.எம்.பி.ஓ. என்று அச்சிடப்படுவது கணப்பொழுது உச்சத்தைக் கற்பனையாகக் கூட்டிப் போடும் எண். அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. தொடர்ச்சியாகக் கிடைக்கும் சக்தியைக் காட்டுவது ஆர்.எம்.எஸ். வொட்ஸ். அது எழுதப்படாவிட்டால் பின்புறத் தகட்டைப் பாருங்கள். அங்கே 60 வொட்ஸ் என்றிருந்தால், மின்சாரத்தில் 60 எடுக்கும் பொருள் தொடர்ந்து 60க்கு மேல் கொடுக்க முடியாது. இத்தகைய மிகைப்படுத்தலைத் தடுக்க அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டிலேயே விதி கொண்டுவரப்பட்டது. நமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடை செய்கிறது.

பேஸ் எப்படி உண்டாகிறது?

பேஸ் என்பது காற்றைத் தள்ளும் வேலை. 80 ஹேர்ட்ஸிலிருந்து 40 ஹேர்ட்ஸுக்கு இறங்கும்போது, அதே அளவு சத்தத்துக்கு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். எனவே கோனின் அகலம் முக்கியம். 8 அங்குலத்தைவிட 12 அங்குலக் கோனின் பரப்பு இரண்டேகால் மடங்கு. சக்தியை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி தேவை. ஆழமான பேஸ், சிறிய பெட்டி, குறைந்த சக்தியில் உரத்த சத்தம் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

வீட்டுக்கு ஏற்ற தெரிவு

லயன் அறைக்கு 8 அங்குல சப்வூஃபரே பெரும்பாலும் போதும். மூலையில் வைத்தால் பேஸ் செலவின்றிக் கூடும். இரைச்சலாகக் குமுறினால் சற்று வெளியே இழுக்கலாம். தாழ்ந்த ஒலி பொதுச் சுவரைத் தாண்டி அயலவர் வீட்டுக்கும் செல்லும், கூரைத் தகரத்தையும் அதிரவைக்கும். பெரிய பெட்டியைத் தள்ளிவிட்டால் இலாபம் கூடலாம். ஆனால் முறைப்பாடும் கூடவே வரும்.

பேஸ் குறைவென்று திருப்பிக் கொண்டுவந்தால், முதலில் வயரைச் சோதியுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றுக்குச் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். பேஸ் அடங்கிப்போகும். மாற்றிப் பூட்டினால் சரி.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை: ஆர்.எம்.எஸ். அளவையும் கோனின் அங்குலத்தையும் விலைச் சீட்டிலேயே எழுதுங்கள். வாடிக்கையாளருக்குப் பழக்கமான பாடலைப் போட்டு, இரண்டு பெட்டிகளையும் ஒரே சத்தத்தில் கேட்கச் செய்யுங்கள். அவர் வீட்டு அறையின் அளவைக் கேட்ட பிறகு விலையைச் சொல்லுங்கள். இதற்குப் பத்து நிமிடம் செலவாகும். ஆனால் அடுத்த முறை தொலைக்காட்சி வாங்கவும் அவர் உங்களிடமே வருவார்.