கட்டிப் பழகினால் பறத்தல் எளிது
ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானம் பழக வருவோர் பெரும்பாலும் போர் விமான மாதிரியைத்தான் முதலில் கேட்பார்கள். அது தவறான தொடக்கம். இறக்கை உடலுக்கு மேலே அமைந்து, இரு நுனியும் சற்றே உயர்ந்த பயிற்சி விமானம் மெதுவாகப் பறக்கும். சாய்ந்தால் தானே நிமிரப் பார்க்கும். அதையும் பால்சா மரத்தில் கையால் கட்டுவது நல்லது. ஜைரோ என்ற நிலைப்படுத்தும் கருவி பொருத்திய ஆயத்த விமானம் கிடைக்கையில் இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். ஜைரோ காற்றின் உலுக்கலைத் தணிக்கும், உண்மைதான். ஆனால் பேட்டரியைப் பின்தள்ளி வைத்ததால் எடைமையம் தவறிப்போனால், அதை ஜைரோ சரிசெய்துவிடாது. பெரும்பாலான பயிற்சி விமானங்களில் அந்த மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கும். விரல்நுனியில் தாங்கிப் பார்த்துக் கட்டியவருக்கு அது மறக்காது. உடைந்ததை ஒட்டவும் அவருக்குத் தெரியும் (உடையத்தான் செய்யும்). கட்டுவதால் தீராதது ஒன்று உண்டு: விமானம் நம்மை நோக்கி வருகையில் இடவலம் மாறித் தோன்றும் குழப்பம். அதற்குக் கணினி சிமுலேட்டரில் விரல்களைப் பழக்கலாம்.