இலையுதிர் காலத்துக்கு முன்பே காய்கறித் தோட்டம்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த முதுமொழி. அங்கே மழையை எதிர்நோக்கி விதைப்பதற்கு அது ஏற்ற காலம். நம் மலேசியாவிலோ ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் உண்டு. ஆகவே, எப்பொழுது விதைத்தால் என்ன என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால், ரப்பர்த் தோட்டத்தில் வாழும் நமக்கும் ஒரு பட்டம் உண்டு. அதனை நமக்குக் காட்டுவது ரப்பர் மரமே.

தீபகற்பத்தின் பெரும்பாலான தோட்டங்களில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கின்றன. பின்னர்ப் புதிய தளிர்களை உண்டாக்குவதற்காக, மரம் தன்னிடம் சேர்த்து வைத்துள்ள உணவைச் செலவிடுகிறது. அதனால் பால் குறைகிறது. பால் குறையவே வருமானமும் குறைகிறது. அவ்வாரங்களில் கடைப்பற்று ஏறுவதை நாம் அனைவரும் அறிவோம். அப்பற்றின் ஒரு பகுதியையேனும் குறைக்கும் வழி நம் வீட்டின் பின்புறத்திலேயே இருக்கிறது.

ஆனால், இலை உதிரத் தொடங்கிய பின் மண்வெட்டியைத் தேடினால் பயனில்லை. வெண்டையும் பயற்றங்காயும் விதைத்த ஏழு வாரமளவில்தான் காய்க்கும். மண்ணைப் பக்குவப்படுத்த அதற்கு முன் மூன்று வாரம் வேண்டும். பிப்ரவரி நடுவில் காய் பறிக்க விரும்பினால், டிசம்பர்த் தொடக்கத்திலேயே வேலையைத் தொடங்கியாக வேண்டும்.

இடமும் மண்ணும்

முதலில், நிர்வாகத்தின் அனுமதியுடன் இடத்தைத் தெரிவு செய்தல் வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடமே ஏற்றது. மரநிழலில் செடி நெடிதுயருமேயன்றிக் காய்க்காது. நான்கடி அகலமும் இருபதடி நீளமுமான இரண்டு பாத்திகள் தொடக்கத்துக்குப் போதும். நம் நாட்டுப் பெருமழையில் வேர் அழுகாதிருக்க, பாத்தியை ஓரடி உயர்த்தி, இருபுறமும் வாய்க்கால் வெட்டுவது அவசியம். கிளந்தான், திரங்கானு போன்ற கிழக்குக் கரை மாநிலங்களில், ஆண்டு இறுதியில் வெள்ளம் வருமாதலால், அங்குள்ளோர் மழை தணிந்த பின் தொடங்குவதே நன்று.

நம் தோட்டப்புற மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையது. அத்தகைய மண்ணில் எவ்வளவு உரம் இட்டாலும் செடி அதனை முழுமையாக உட்கொள்ள இயலாது. ஆகவே, மண்ணை ஓரடி ஆழம் கொத்தி, மேற்கூறிய அளவுள்ள ஒரு பாத்திக்குச் சுமார் ஒன்றரை கிலோ வேளாண்மைச் சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கலக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து, நன்கு மக்கிய கோழி எருவை ஏழெட்டு கிலோ சேர்க்கலாம். சுண்ணாம்பையும் எருவையும் ஒரே நாளில் இடலாகாது. இட்டால் எருவின் சத்து ஆவியாகிப் போய்விடும். அடுத்த ஒரு வாரத்தில் பாத்தி விதைப்புக்குத் தயாராகிவிடும்.

விதைக்கும் முறை

கத்தரியை நவம்பர் இறுதியிலேயே ஒரு பெட்டியில் நாற்று விட்டு, ஆண்டு இறுதியில் இரண்டடி இடைவெளியில் நடலாம். அது மார்ச் மாதமளவில் பலன் தரும். வெண்டையையும் பயற்றையும் டிசம்பர்க் கடைசி வாரத்தில் ஊன்றலாம். பயற்றுக்கு ஆறடிக் கொம்பு நாட்டிக் கொடியைப் படரவிட வேண்டும். முளைக்கீரையும் கங்கோங்கும் ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். அவற்றை ஒரே நாளில் விதைக்காமல், ஜனவரி முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதைத்தால், இலையுதிர் காலம் முழுவதும் சமையலுக்குக் கீரை இருந்துகொண்டே இருக்கும். வீட்டு ஓரத்தில் ஒரு முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும் இருந்தால் மேலும் நன்மை.

எச்சரிக்கை

பால் உறைய வைக்கும் அமிலம் இருந்த கலத்தையோ, களைக்கொல்லி இருந்த கலத்தையோ கழுவி எடுத்து, அதில் செடிக்கு நீர் ஊற்றும் வழக்கத்தை அறவே கைவிட வேண்டும். அந்நஞ்சு கீரை வழியே நம் குழந்தைகளின் வயிற்றுக்குச் செல்லும். மரவள்ளியை ரப்பர் மரங்களுக்கு அருகில் நடலாகாது. ரப்பரைக் கொல்லும் வெள்ளை வேர் நோய் மரவள்ளியையும் பற்றும். அங்கிருந்து மீண்டும் மரத்துக்குப் பரவும். நீர் நிரப்பிய பீப்பாய்களை மூடி வைக்காவிடில், ஏடிஸ் கொசு அங்கே முட்டையிடும்.

1974ஆம் ஆண்டில் அந்நாளைய பிரதமர் துன் அப்துல் ரசாக் அவர்கள் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடக்கி வைத்தபொழுது, கிடைக்கும் சிறு நிலத்திலும் உணவுப் பயிர் வளர்க்குமாறு மக்கள் ஊக்குவிக்கப்பட்டனர். விலைவாசி உயர்ந்திருந்த காலம் அது. அன்று கூறப்பட்ட அறிவுரை இன்றும் நமக்குப் பொருந்தும்.

காலையில் மரம் வெட்டி வந்து களைத்திருக்கும் உடலுக்கு, மாலையில் மண்வெட்டி பிடிப்பது எளிதன்று என்பதை நாம் உணர்வோம். ஆயினும், குடும்பத்தினர் அனைவரும் கூடி நாளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால், இரண்டு பாத்திகளைப் பேணிவிடலாம். பிப்ரவரியில் உதிரும் இலைகளில் இரண்டு கூடை அள்ளிவந்து செடிகளின் அடியில் பரப்பினால், மண்ணின் ஈரமும் காயாது. பால் குறைந்த நாளிலும் நம் பிள்ளைகளின் தட்டில் கீரையும் காயும் குறையாதிருக்க, டிசம்பர் மாதத்திலேயே மண்ணைக் கொத்தத் தொடங்குவோமாக!