கணக்குக் காட்டாதவன் பெயர்

ஐப்பசி மழைக்குப் பிறகு, வாலாஜாபாத்துக்கு அருகேயுள்ள தென்னேரியின் ஏரிக்கரைமீது ஏறி நிற்பவர்களுக்கு, ஏரியா கடலா என்ற மயக்கம் உண்டாகாமல் இராது. காஞ்சிபுரம் ஜில்லாவின் பெரிய ஏரிகளில் இதுவும் ஒன்று. திரையன் ஏரி என்பதே தென்னேரி என்று மருவிற்றென்பார்கள். பார்க்க ஆனந்தமாகத்தான் இருக்கிறது. ஆயினும், பொதுவாக எந்த ஏரியைக் கண்டாலும் நமக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு. கோடையில் தூர் எடுத்ததாகக் கணக்கெழுதிய ஏரி மழையில் நிரம்பிவிட்டால், எவ்வளவு மண் வெட்டினார்கள் என்று எவர் இறங்கிப் பார்ப்பது?

தண்ணீர் வேலைகளுக்கெல்லாம் இந்தச் சங்கடம் உண்டு. தூர் நீருக்கடியில் மறைகிறது. குடிநீர்க் குழாயும் கக்கூஸ் தொட்டியும் பூமிக்கடியில் மறைகின்றன. மூன்றடி ஆழத்தில் பதிக்க வேண்டிய குழாயை ஓரடியில் பதித்து மண்ணைத் தள்ளிவிட்டால், அது உடையும் வரையில் ஊராருக்குத் தெரியாது. வேலை கண்ணுக்குத் தெரியாதபோது, கணக்காவது தெரிய வேண்டாமா?

இதே ஜில்லாவில் உத்திரமேரூரார் இதை ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாஸனங்கள் இரண்டு இருக்கின்றன. முதலாவது கி.பி. 919-ஆம் வருஷத்தது. அந்த ஏற்பாட்டில் குறை கண்டார்கள் போலும். 921-இல் அதைத் திருத்தி மறுபடியும் கல்லில் வெட்டினார்கள். ஊரில் குடும்பு முப்பது. ஸம்வத்ஸர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். பதவி முந்நூற்றறுபது நாள். பிறகு மூன்று வருஷம் ஒதுங்கியிருக்க வேண்டும். குற்றம் கண்டால் அப்பொழுதே விலக்கிவிடுவார்கள்.

நம்மை வியக்கச் செய்வது வேறொரு விதி. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாமற் போனவனுடைய பெயரைக் குடவோலையில் எழுதவே கூடாது. அவன் பெயர் மட்டுமல்ல: சிற்றன்னை, பெரியன்னை பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள், தகப்பன், மகன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று நீளுகிறது ஜாபிதா. திருடன் ஒதுங்கிக்கொண்டு மைத்துனனை நிறுத்தும் தந்திரம் அன்றே நடப்பில் இருந்திருக்க வேண்டும்! இந்த விதியை இன்று அமலுக்குக் கொண்டுவந்தால் எத்தனை ஊர்களில் தேர்தலுக்கு ஆள் கிடைக்குமோ, நாம் அறியோம்.

சீட்டெடுப்பதிலும் எச்சரிக்கை. குடத்தை எல்லாரும் காணத் தூக்கிக் காட்டுவார்கள். விவரம் அறியாத சிறுவன் ஓலையை எடுப்பான். வாங்குகிறவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி, உரக்க வாசிக்க வேண்டும். மூடிய கைக்கு அங்கே வேலை இல்லை.

பழம்பெருமையில் மயங்கி மற்றொன்றை மறைப்பது நியாயமாகாது. அந்தச் சபை வேதம் கற்ற, நிலமுள்ள பிராமணர்களின் சபை. உழுதவனுக்கும், ஏரியில் மண் சுமந்தவனுக்கும், குடம் சுமந்த ஸ்திரீக்கும் அதில் இடமில்லை.

அந்த இடத்தை நம் சட்டம் தந்திருக்கிறது. 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சிக் கணக்கின் தணிக்கை அறிக்கை கிராம சபைக்கு வந்தாக வேண்டும். வாக்காளர் அனைவரும் அச்சபையின் அங்கத்தினரே. 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி, குழாய் போட்ட ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கலாம். நடந்த வேலையை நேரில் பார்வையிடவும் உரிமை உண்டு. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் விதிகளோ, கிராமத் தண்ணீர்க் கமிட்டியில் பாதிப் பேர் பெண்களாயிருக்க வேண்டுமென்கின்றன. கிராமத்துக்கு ஐந்து பெண்கள் குடிநீரைப் பரிசோதிக்கக் கற்றுக்கொள்ளவும் அதில் ஏற்பாடு உண்டு.

ஆனால் கூட்டத்துக்குப் போகிறோமா? போனாலும், வருகைப் புத்தகத்தில் கையெழுத்திட்டுவிட்டுச் சமையலைக் கவனிக்கத் திரும்பிவிடும் தாய்மார்களையும், வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போகும் கனவான்களையும் நாம் கண்டிருக்கிறோம். உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச்சு 22-ஆம் தேதியும் கிராம சபை கூடும் நாட்களில் ஒன்றென்று 2022-இல் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்டது. கோடை தொடங்கி ஏரி வற்றிவரும் சமயம் அது. எங்கே மண் வெட்டினார்கள், எங்கே வெட்டவில்லை என்பதைக் கரையில் நின்றே பார்த்துவிட்டு, நேராகக் கூட்டத்துக்குப் போகலாம்.