ரிம் பெருத்தது, டயர் சிறுத்தது

சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டிலிருந்து ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் தாண்டி எண்ணூருக்குப் போகும் கடலோரச் சாலையில் முன்னாலும் டிரெய்லர், பின்னாலும் டிரெய்லர். நடுவில் சிக்கிக்கொண்ட சின்னக் கார்களைக் கவனித்தால் ஒரு மாற்றம் தெரியும். கம்பெனி கொடுத்த 14 இஞ்ச் இரும்பு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, கறுப்பிலோ வெள்ளியிலோ பளபளக்கும் 17 இஞ்ச் அலாய் வீல் மாட்டியிருக்கிறார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பேரம் பேசி வாங்கிய சரக்காக இருக்கும். பார்க்க அழகுதான், அதில் சண்டையில்லை. ஆனால் அந்த அழகுக்காகக் காரிலிருந்து எதை எடுத்துவிட்டார்கள் என்று பார்த்தால், நகரத்தின் மற்ற எந்தச் சாலையையும்விட வடசென்னைச் சாலைக்கு மிகவும் தேவையான பாகத்தைத்தான்.

டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களிலேயே கணக்கு இருக்கிறது. ஆரம்ப விலை ஸ்விஃப்ட் காரில் 165/80 ஆர்14 என்று இருக்கும். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. அதாவது 132 மி.மீ. 14 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். இந்த டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 620 மி.மீ. இதே காருக்கு 17 இஞ்ச் அலாய் போடுகிறவர்கள் வழக்கமாகத் தேடுவது 205/45 ஆர்17. அதன் மொத்த உயரம் 616 மி.மீ, கிட்டத்தட்ட அதே உயரம், ஸ்பீடோமீட்டரும் ஏமாறாது. கடைக்காரர் சொல்வது அதுவரை உண்மை. ஆனால் ரிம் மூன்று இஞ்ச் வளர்ந்தும் மொத்த உயரம் மாறவில்லை என்றால், வளர்ந்த இடத்தை யாரிடமிருந்து பிடுங்கினார்கள்? பக்கச்சுவரிடமிருந்து. 132 மி.மீ இருந்தது 92 ஆகிவிட்டது. ரிம்முக்கும் ரோட்டுக்கும் இடையில் இருந்த ரப்பரிலும் காற்றிலும் நான்கு சென்டிமீட்டர் போய்விட்டது.

இன்னொரு வேடிக்கை. அகலமான டயர் அதிகச் சுமை தாங்கும் என்று நாம் நினைக்கிறோம். 165/80 ஆர்14 டயரில் வழக்கமாக இருக்கும் சுமைக் குறியீடு 85, அதாவது ஒரு டயருக்கு 515 கிலோ. சாதாரண 205/45 ஆர்17 டயரில் அது 84, அதாவது 500 கிலோ. பார்வைக்குப் பெரிய டயர், தாங்குவதில் சின்ன டயர். கூடுதல் சுமை தாங்கும் 'எக்ஸ்எல்' வகை டயர் உண்டு. அதற்குக் காற்றழுத்தம் கூட வேண்டும். அதைப் போட்டுவிட்டு, பழைய பழக்கத்தில் 30 பி.எஸ்.ஐ. காற்றடித்து ஓட்டினால் பயனில்லை.

பக்கச்சுவரின் அருமை திருவொற்றியூருக்குப் புதிதல்ல. 1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை இங்கேதான் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். அந்தத் தொழில்தான் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. 1952-ல் டயருக்குப் பட்டன் போடும் ரப்பருக்கு வந்து, 1961-ல் அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் கூட்டோடு டயரே செய்தார்கள். அமெரிக்கத் தொழில்நுட்பம் நம் சாலைக்கு அப்படியே ஒத்துவரவில்லை, உள்ளூர் ரோட்டுக்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது என்பது அந்நிறுவனத்தின் கதையில் தவறாமல் வரும் பகுதி. வழவழப்பான நெடுஞ்சாலைக்கு வரைந்த டயர் இங்கே என்ன பாடுபடும் என்பதை இந்த ஊர் அறுபது வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டது.

வடசென்னைச் சாலை ஏன் இப்படி மேடும் பள்ளமுமாக இருக்கிறது? 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்கருகே சாலைகளைப் போட்டு அவற்றின் மேல் லாரிகளை ஓயாமல் ஓடவிட்டுச் சோதித்தார்கள். அதிலிருந்து பிறந்த விதி, ஓர் அச்சின் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும் என்கிறது. சுமையின் நான்காம் அடுக்கு. அரை டன் அச்சுச் சுமையுள்ள சின்னக் காரையும் பத்து டன் அச்சுள்ள லாரியையும் ஒப்பிட்டால், லாரியின் ஓர் அச்சு ஒருமுறை கடப்பது கார் அச்சு ஒன்றரை லட்சம் முறைக்கு மேல் கடப்பதற்குச் சமம். 2018 ஜூலையில் மத்திய அரசு நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சின் உச்சவரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. சுமை கூடியது 13 சதவீதம். நான்காம் அடுக்குக் கணக்கில் சேதம் கூடுவது 60 சதவீதம். சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் நடுவே ஓடும் டிரெய்லர்கள் தார்ச் சாலையில் தடம் பதிக்கின்றன; ஐப்பசி மழை அந்தத் தடத்தைப் பள்ளமாக்குகிறது. தோண்டியது பதினெட்டு டயர் வண்டி. தண்டம் கட்டுவது 45 சதவீதப் பக்கச்சுவரோடு வரும் கார்.

பள்ளத்தின் விளிம்பில் டயர் மோதும்போது நடப்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். உயரமான பக்கச்சுவர் மடங்கி, உள்ளே உள்ள காற்று அழுந்தி, அடியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். குட்டையான பக்கச்சுவருக்கு மடங்க இடம் போதாது. ஒரு பக்கம் பள்ளத்தின் விளிம்பு, மறுபக்கம் ரிம்மின் விளிம்பு; இரண்டுக்கும் நடுவே பக்கச்சுவர் நசுங்குகிறது. ரப்பருக்குள் ஓடும் பாலியஸ்டர் இழைகள் அறுந்துபோகின்றன. காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது அந்த இழைகள்தானே தவிர ரப்பர் அல்ல. இழை அறுந்த இடத்தில் ரப்பர் வெளியே உப்புகிறது.

டி.எச். ரோட்டில் எந்த டயர் கடையில் அரை மணி நேரம் நின்றாலும் இந்த உரையாடல் காதில் விழும்:

"தம்பி, இது போன மாசம் போட்ட டயர்தானே? பல்ஜ் ஆயிருக்குது பார்."

"பஞ்சர் மாதிரி ஒட்ட முடியாதாண்ணே?"

"ஒட்றதா? பைபாஸ்ல போனீன்னா ஒண்ணும் ஆவாது. மணலி ரோட்ல டெய்லி போய்ட்டு வந்தா இதுதான் கதை. ரிம்மும் கோணிக்கினு கீது, சுத்திப் பாரு."

உப்பிய டயருக்கு ஒட்டு கிடையாது. பின்சக்கரத்தில் மாட்டிச் சமாளிக்கலாம் என்பதும் ஆபத்து. சூட்டிலும் வேகத்திலும் உப்பிய இடத்தில்தான் வெடிக்கும். கோணிய ரிம்மின் கதை இன்னும் மோசம். இரும்பு டிஸ்க் வளைந்தால் தட்டி நிமிர்த்திவிடலாம். வார்ப்பு அலுமினியம் வளைவதற்குப் பதில் பெரும்பாலும் விரிசல் விடும். உடனே ஆர்கான் வெல்டிங் வைத்து, கடைந்து, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள், புதிதுபோலவே இருக்கும். ஆனால் அந்த அலாய்க்கு வலு வந்தது வெப்பப் பக்குவத்தால். சுமார் 540 டிகிரி செல்சியஸில் சுட்டு, சட்டென்று குளிரவைத்து, பிறகு மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைத்திருந்து ஏற்றிய வலு அது. வெல்டிங் தீ பட்ட இடத்தைச் சுற்றி அந்தப் பக்குவம் கலைந்துவிடும். பற்ற வைத்த தடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் வருவதற்குக் காரணம் இதுதான். எண்ணூர்ப் பக்கம் உப்புக் காற்று வேறு. பெயின்ட் உரிந்த விளிம்பில் அரிப்பு ஏறி, டயர் உட்காரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் காற்று கசியும்.

பெரிய ரிம்மால் நன்மையே இல்லையா? உண்டு. குட்டையான பக்கச்சுவர் பக்கவாட்டில் குறைவாக நெளியும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் சட்டென்று கேட்கும். பெரிய ரிம்முக்குள் பெரிய பிரேக் டிஸ்க் அடங்கும். இரண்டும் ரேஸ் டிராக்கில் காசு பெறும் விஷயங்கள். ஆனாலும் உலகத்திலேயே வேகமாக வளைவு எடுக்கும் ஃபார்முலா 1 கார்கள் 2021 வரை ஓடியது 13 இஞ்ச் ரிம்மில், கொழுத்த பக்கச்சுவரோடுதான். சஸ்பென்ஷனின் பெரும்பங்கு வேலையை அந்த டயரே பார்த்தது. 2022-ல் 18 இஞ்ச்சுக்கு மாறியபோது ஒவ்வொரு அணியும் காரின் சஸ்பென்ஷனைப் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் மாறுவது சக்கரம் மட்டும். ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், லோயர் ஆர்ம் எல்லாம் பழைய 14 இஞ்ச் கணக்கிலேயே இருக்கும்.

மேடு பள்ளத்தில் ஒரு காருக்குப் பிடிமானம் தருவது டயர் ரோட்டைத் தொட்டுக்கொண்டே இருப்பதுதான். ஒரு சக்கரம் 300 கிலோ தாங்கினால், 33 பி.எஸ்.ஐ. காற்றில் அது சாலையைத் தொடும் பரப்பு சுமார் 130 சதுர சென்டிமீட்டர், விரல்களோடு சேர்த்து ஒரு கை அளவு. கடினமான பக்கச்சுவரும் கனமான சக்கரமும் சேர்ந்தால் மேட்டில் ஏறிய டயர் திரும்ப ரோட்டுக்கு வரத் தாமதிக்கும். அந்தக் கண நேரத்தில் பிரேக் மிதித்தால் ஏ.பி.எஸ். சக்கரம் வழுக்குவதாக எண்ணி பிரேக்கைத் தளர்த்தும். கார் நிற்கும் தூரம் நீளும். உறுதியாகப் பிடிக்கும் என்று நம்பிப் போட்ட டயர், ரோடு சரியாக இருந்தால் மட்டுமே பிடிக்கும்.

டயர் அகலமானால் தொடும் பரப்பு பெரிதாகக் கூடாது, வடிவம்தான் மாறும். நீளமாக இருந்தது அகலமாகிறது. தேங்கிய நீரில் அது பாதகம். முன்விளிம்பு அகலமாக இருந்தால் ஒதுக்க வேண்டிய தண்ணீர் அதிகம். நாசாவின் வால்டர் ஹார்ன் 1960-களில் விமான டயர்களை ஆராய்ந்து தந்த சூத்திரம் காற்றழுத்தத்தை வைத்துச் சொல்கிறது: பட்டன் தண்ணீரை வெளியேற்றித் தீராத நிலையில், 33 பி.எஸ்.ஐ. டயர் மணிக்கு 96 கி.மீ. வேகத்தில் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். 25 பி.எஸ்.ஐ.க்கு அது 83 கி.மீ. தான். பட்டன் தேய்ந்திருந்தால் அந்த நிலை வர அதிகத் தண்ணீர் தேவையில்லை.

எடைக்கு வருவோம். அலாய் என்றாலே லேசு என்பது பாதி உண்மை. அதே அளவில் நன்றாகச் செய்த அலாய் இரும்பைவிட லேசு. மூன்று இஞ்ச் பெரிய, மலிவான வார்ப்பு அலாயையும் அகல டயரையும் சேர்த்துத் தராசில் வைத்தால் பல சமயம் கூடுதலாகவே காட்டும். அந்தக் கனம் வெளிவிளிம்புக்கு நகர்ந்திருப்பதால் சுற்றவும் நிறுத்தவும் கூடுதல் பலம் வேண்டும். 2010-ல் அமெரிக்காவின் கார் அண்ட் டிரைவர் இதழ் ஒரே ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில் 15 முதல் 19 இஞ்ச் வரை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தது. 19 இஞ்ச்சில் மைலேஜ் சுமார் பத்து சதவீதம் குறைந்தது.

மொத்த உயரத்தையே கூட்டுகிற ஜீப் ரசிகர்கள் தனி வகை. பொலேரோவின் 215/75 ஆர்15 டயர் 703 மி.மீ உயரம். அதில் 31 இஞ்ச் டயர் ஏற்றினால் 787 மி.மீ. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 89 கி.மீ. தாண்டி ஓடும். அதே பலத்தில் பிரேக்கை மிதித்தால் சாலையில் கிடைக்கும் நிறுத்துவிசை பத்து சதவீதத்துக்கு மேல் குறையும், ஏனெனில் பிரேக் பிடிப்பது மாறாத டிஸ்க்கில், நிறுத்த வேண்டியதோ வளர்ந்த சக்கரத்தை. ஈர்ப்பு மையம் நான்கு சென்டிமீட்டர் ஏறும். உயரமான வண்டி வளைவில் கவிழ்வதற்கு அது ஒன்றும் சின்ன உதவியல்ல.

சக்கரம் காருக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் முக்கியம். ஆஃப்செட் மாறி வெளியே தள்ளினால் வீல் பேரிங்கின் மேல் நெம்புவிசை கூடும். இடப்பக்கச் சக்கரங்கள் கடல் மணலிலும் வலப்பக்கச் சக்கரங்கள் தாரிலும் இருக்கும்போது பிரேக் பிடித்தால் கார் நேராக நிற்கும்படி ஸ்டீயரிங் அமைப்பை வடிவமைத்திருப்பார்கள். வெளியே தள்ளிய சக்கரம் அந்தக் கணக்கைக் குலைத்து ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து இழுக்கும். நடுத்துளையையும் பார்க்க வேண்டும். ஸ்விஃப்ட்டுக்கு 54.1 மி.மீ. கடை அலாய்களில் பல வண்டிக்கும் பொருந்தட்டும் என்று 73.1 மி.மீ துளை போட்டிருப்பார்கள். இடைவெளியை நிரப்பும் வளையம் இல்லாமல் மாட்டினால் எத்தனை முறை பாலன்சிங் செய்தாலும் 80-ல் ஸ்டீயரிங் ஆடும்.

நல்ல அலாயை எப்படி அறிவது? கார்ச் சக்கரங்களுக்கான உலகத் தரச் சோதனை ஒன்றில் டயரோடு சக்கரத்தை 13 டிகிரி சாய்த்து வைத்து, 230 மி.மீ உயரத்திலிருந்து எடையைப் போடுவார்கள். எவ்வளவு எடை? சக்கரம் தாங்க வேண்டிய உச்சச் சுமையில் 60 சதவீதம், கூடவே 180 கிலோ. 450 கிலோ தாங்கும் சக்கரம் என்றால் விழுவதும் 450 கிலோ. நடுப்பகுதி பிளந்தாலோ ஒரு நிமிடத்தில் காற்று முழுவதும் இறங்கினாலோ சக்கரம் தேறாது. முத்திரையோ சுமை அளவோ பொறிக்காத சக்கரம் இந்தச் சோதனையைப் பார்த்ததா என்று கேட்க வழியே இல்லை.

சட்டத்தை விட்டுவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. காரின் உயர்ரக மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவு இருக்கிறதே, ஸ்விஃப்ட்டுக்கு 185/65 ஆர்15, அழகு வேண்டுகிறவர் அதோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். அதை அந்தக் காரிலேயே ஓட்டிச் சோதித்திருக்கிறார்கள். பக்கச்சுவரும் 120 மி.மீ. மிஞ்சும்.

ஏற்கெனவே 17 போட்டாயிற்று என்பவர்கள் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பார்க்கட்டும். பெரும்பாலும் பழைய 14 இஞ்ச் இரும்பு டிஸ்க்தான் கிடக்கும். அலாய்க்கென்று கடையில் கொடுத்த நட்டின் கூம்பு வடிவம் இரும்பு டிஸ்க்கின் துளையில் சரியாக உட்காராமல் போகலாம். எனவே பழைய நட் நான்கும் டிக்கியிலேயே இருக்க வேண்டும். புதிய அலாய் மாட்டிய பிறகு நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். காலால் ஸ்பேனரில் ஏறி மிதித்து முறுக்குகிற கடையாக இருந்தால் வேறு கடைக்குப் போங்கள்.