காதுக்குள் பொங்கும் நுரை

தீபாவளிக்கு மறுநாள் காலை. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு வந்தான். ஒன்பதாம் வகுப்பு மாணவன். முதல் நாள் இரவு அணுகுண்டு வெடி ஒன்று அவன் அருகிலேயே வெடித்ததாம்.

"காது அடைத்தாற்போல் இருக்கிறது, சார். ஓயாமல் இரைகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் அழுக்கெல்லாம் பொங்கி வந்துவிடும் என்கிறார் மாமா. ஊற்றலாமா?" என்றான். கையில் பழுப்புநிறச் சீசா.

மாணவர்களே, முதலில் அந்தப் பொங்கலைப் பார்ப்போம். சிவகாசிப் பட்டாசில் மருந்து எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பு தருகிறது. பெராக்சைடும் ஆக்சிஜனைத் தரும் பொருள்தான். நம் இரத்தத்திலும் செல்களிலும் கேடலேஸ் என்னும் என்சைம் உண்டு. அது பட்டதும் பெராக்சைடு நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது.

எவ்வளவு ஆக்சிஜன்? 68 கிராம் பெராக்சைடிலிருந்து 22.4 லிட்டர் கிடைக்கும். கடையில் விற்கும் 3 சதவீதக் கரைசலில் லிட்டருக்குச் சுமார் 30 கிராம் இருக்கிறது. ஆகவே 1 மி.லி. கரைசல் முழுவதும் சிதைந்தால் ஏறக்குறைய 10 மி.லி. வாயு உண்டாகும். செவிக்குழாயின் கொள்ளளவோ சுமார் 1 மி.லி.தான்! நுரை வெளியே வழியாமல் என்ன செய்யும்?

ஆனால் நுரை, அழுக்கை அளக்கும் கருவி அன்று. புண்ணோ இரத்தமோ இருந்தால் அது இன்னும் அதிகமாகப் பொங்கும். குறும்பியும் வெறும் அழுக்கு அன்று. காதின் தோலைக் காக்கும் பூச்சு. பெரும்பாலும் அது தானாகவே வெளியேறிவிடும். இறுகி அடைத்துக்கொண்டால் அதை இளக்க மருத்துவர்கள் பெராக்சைடு கலந்த சொட்டு மருந்து தருவதுண்டு. செவிப்பறை முழுமையாக இருக்கிறதா என்று பார்த்த பின்பே தருவார்கள்.

நம் பையனின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் பட்டாசின் ஒலி 125 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று 1999இல் விதி வந்தது. தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். 2 மீட்டரில் 131, 1 மீட்டரில் 137, அரை மீட்டரில் 143! செவிப்பறையின் தடிப்போ சுமார் 0.1 மி.மீ. இத்தகைய அழுத்த அலையில் அது கிழிந்துவிடலாம். கிழிசல் வழியே பெராக்சைடு நடுச்செவிக்குள் இறங்கினால் கடும் வலியும் தலைசுற்றலும் வரும்; கேள்திறனுக்கே கேடு நேரலாம்.

சீசாவை வாங்கி வைத்துக்கொண்டு அவனைக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன். செவிப்பறையில் சிறு கிழிசல் இருந்தது. எண்ணெயோ நீரோ படாமல் காத்ததில் இரண்டு மாதத்தில் தானே மூடிக்கொண்டது. உட்செவியின் மயிர்ச் செல்கள் அப்படியல்ல. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே வெடிச்சத்தத்துக்குப் பின் காது இரைந்தாலும் அடைத்தாலும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். சீசாவைத் தேடாதீர்கள்.