ஐம்பது ஹெர்ட்ஸில் ஓடிய மாரியோ

1935இல் மைசூரு மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அந்த ஒலிபரப்பைக் கேட்க, அந்த அலைவரிசையை எட்டும் எந்த நாட்டு வானொலிப் பெட்டியும் போதும்; முள்ளைத் திருப்பிப் பிடித்தால் குரல் வந்துவிடும். தொலைக்காட்சிக்கு அது போதாது. ஒரு படத்தை எத்தனை கோடுகளாக அறுப்பது, நொடிக்கு எத்தனை முறை திரையை நிரப்புவது, வண்ணத்தை எந்த அதிர்வெண்ணில் ஏற்றி அனுப்புவது என்று அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் முன்கூட்டியே ஒத்துப்போயிருக்க வேண்டும். அமெரிக்காவும் ஜப்பானும் 525 கோடு, நொடிக்கு ஏறத்தாழ 60 புலம் என்ற என்டிஎஸ்சி முறையை எடுத்துக்கொண்டன. 1982இல் வண்ண ஒளிபரப்புக்கு மாறிய இந்தியா, 625 கோடு, 50 புலம் என்ற பால் முறையை எடுத்துக்கொண்டது. மைசூருவின் வரவேற்பறைகளில் இருந்த டிவிகள் எல்லாம் இந்த ஐம்பதுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் 1990களில் செருகி விளையாடிய கேசட்டுகளோ, பெரும்பாலும் அறுபதுக்காக எழுதப்பட்டவை. இந்த முரண்பாட்டை யார், எப்படித் தீர்த்தார்கள் என்ற கேள்விக்கு நம் நாட்டு விளையாட்டு வரலாற்றில் உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

ஐம்பதும் அறுபதும் எங்கிருந்து வந்தன? வீட்டு மின்சாரத்திலிருந்து. தொடக்க காலத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் மின்னோட்டத்தின் அதிர்வு படத்துக்குள் கசிந்து பட்டைபட்டையாகத் தெரியும். புலங்களின் எண்ணிக்கையை மின் அதிர்வெண்ணோடு ஒட்டி வைத்தால் அந்தப் பட்டை ஊர்ந்து கண்ணை உறுத்தாது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 50. ஆனால் இதை இயற்கை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டோக்கியோவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான். இருந்தும் ஜப்பான் முழுவதும் அமெரிக்க முறையையே ஏற்றது. அந்த முடிவின் நீண்ட நிழல்தான் 1983இல் வெளிவந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியின் மேலும், அதற்கு எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான ஆட்டங்களின் மேலும் விழுந்தது.

கேசட் என்பது தகவலைச் சுமக்கும் பெட்டி மட்டும்தானே, எந்த டிவியில் ஓடினால் என்ன என்று தோன்றலாம். அந்தக் காலத்து ஆட்டங்களில் அப்படி இல்லை. ஃபேமிகாமுக்குத் தனியாக மணி பார்க்கும் வழி கிடையாது. திரை ஒருமுறை வரைந்து முடிந்ததும் படச்சில்லு தரும் சமிக்ஞைதான் ஆட்டத்தின் நாடித்துடிப்பு. மாரியோ ஓர் அடி நகர்வது, எதிரி திரும்புவது, பாட்டில் அடுத்த சுரம் ஒலிப்பது எல்லாம் அந்தத் துடிப்பை எண்ணித்தான் நடக்கின்றன. சூப்பர் மாரியோ பிரதர்ஸில் மேலே ஓடும் 400 என்ற கெடு 24 துடிப்புக்கு ஒன்றாகக் குறைகிறது. அறுபது துடிப்புள்ள திரையில் அது 160 விநாடி. அதே கேசட்டை ஐம்பதில் ஓட்டினால் 192 விநாடி. எண் அதேதான், அதற்குள் இருக்கும் நேரம் வேறு.

வேகம் குறைவது பிரச்சினையின் ஒரு பாதிதான். மறு பாதி நுட்பமானது. இந்தக் கருவிகளின் கடிகாரம் டிவியின் வண்ண அதிர்வெண்ணிலிருந்தே பிறந்தது. என்டிஎஸ்சி கருவியில் வண்ண அதிர்வெண்ணின் ஆறு மடங்கு, அதாவது 21.48 மெகாஹெர்ட்ஸ் படிகம். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் முதன்மைச் சில்லின் வேகம், நான்கால் வகுத்தால் படச்சில்லின் வேகம். படச்சில்லு மூன்று புள்ளி வரையும் நேரத்தில் முதன்மைச் சில்லு ஒரு சுற்று முடிக்கும். இந்த மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை நிரலாளர்கள் நம்பியிருந்தார்கள். மேலே மதிப்பெண் வரிசை அசையாமல் நிற்க, கீழே காட்சி மட்டும் நகர வேண்டுமென்றால், திரை குறிப்பிட்ட கோட்டை எட்டும் கணத்தில் நிரல் குறுக்கிட வேண்டும். பலர் அதற்குச் சுற்றுகளை எண்ணிக் காத்திருந்தார்கள். ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 113.67 சுற்று என்பது அவர்கள் மனப்பாடமாக வைத்திருந்த கணக்கு.

நிண்டெண்டோ ஐரோப்பாவுக்குக் கருவி செய்தபோது இந்தக் கணக்கைக் காப்பாற்றவில்லை. பாலின் வண்ண அதிர்வெண்ணை ஆறால் பெருக்கி 26.6 மெகாஹெர்ட்ஸ் படிகம் வைத்தார்கள். படச்சில்லுக்கு ஐந்தால் வகுத்தார்கள், முதன்மைச் சில்லுக்குப் பதினாறால். விகிதம் 3.2 ஆகிவிட்டது, கோட்டுக்கு 106.56 சுற்றுதான். படம் வரையாத இடைவெளி 20 கோட்டிலிருந்து 70 கோடாக நீண்டது. எண்ணிக் காத்திருந்த நிரல்கள் தவறான இடத்தில் குறுக்கிட்டன. ஆகவே ஐரோப்பாவுக்குப் போன ஆட்டங்கள் பலவற்றைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. சூப்பர் மாரியோவின் ஐரோப்பியப் பதிப்பில் வேகத்தையும் கூட்டிவைத்தார்கள். ஆனால் நம் ஊருக்கு வந்தவை அந்தத் திருத்திய கேசட்டுகள் அல்ல. பெரும்பாலும் ஜப்பானியப் பதிப்பின் நகல்கள்.

அதனால்தான் தைவானின் யுஎம்சி நிறுவனம், பால் நாடுகளுக்குப் போகும், ஃபேமிகாமின் நகலான குளோன் கருவிகளுக்காக வடித்த இரட்டைச் சில்லுகளை, யூஏ6527பி, யூஏ6538 இரண்டையும், நான் மிகவும் மதிக்கிறேன். படிகம் அதே 26.6 மெகாஹெர்ட்ஸ். முதன்மைச் சில்லுக்கு வகுத்தது பதினாறால் அல்ல, பதினைந்தால். விகிதம் மறுபடி மூன்று. கோட்டுக்கு அதே 113.67 சுற்று. பால் டிவி கேட்கும் கூடுதல் கோடுகளை என்ன செய்வது? படம் முடிந்ததும் 51 கோடு சும்மா ஓடவிட்டு, அதற்குப் பிறகே சமிக்ஞையைத் தந்தார்கள். அங்கிருந்து அடுத்த படம் தொடங்கும்வரை இருப்பது அதே 20 கோடு. ஜப்பானிய நிரலுக்குத் தான் இடம் மாறியதே தெரியாது. ரஷ்யாவில் டெண்டி என்ற பெயரில் பரவிய கருவியும் இந்த வகைதான். இந்தியாவில் சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்களில் பெட்டிகள் வந்தன. ஜப்பானியக் கேசட்டை பால் டிவியில் ஓட்டுவதில் அசல் நிறுவனத்தின் ஐரோப்பியக் கருவியைவிட இந்தத் தைவான் சில்லு பொருத்தமானது என்பது, சுற்றுகளை எண்ணிப் பார்க்கும் எவருக்கும் விளங்கும்.

இதன் விளைவைக் காது உடனே சொல்லிவிடும். சுரத்தின் உயரம் முதன்மைச் சில்லின் வேகத்தைச் சார்ந்தது. பாட்டின் நடை திரைத் துடிப்பைச் சார்ந்தது. திருத்தாத கேசட்டை ஐரோப்பியக் கருவியில் போட்டால் நடை ஆறில் ஐந்து பங்காகத் தளர்வதோடு, ஒவ்வொரு சுரமும் அரைச்சுரத்துக்கு மேல் இறங்கிவிடும். யுஎம்சி சில்லில் இறக்கம் அரைச்சுரத்தின் ஆறில் ஒரு பங்குதான். காதுக்கு எட்டுவது அரிது. கச்சேரி மொழியில் சொன்னால், சுருதி நின்றது, காலப்பிரமாணம் மட்டும் விளம்பத்தை நோக்கி நகர்ந்தது. இந்த வகைச் சில்லு இருந்த பெட்டிகளில் இந்தியக் குழந்தைகள் கேட்ட மாரியோ பாட்டு இதுதான். ஜப்பானில் ஒலித்ததும் இல்லை, திருத்தாத கேசட்டுக்கு ஐரோப்பியக் கருவி தந்திருக்கக்கூடியதும் இல்லை.

திருட்டு நகலுக்கு இத்தனை மரியாதையா என்று கேட்பவர்களிடம் நியாயம் உண்டு. ஆட்டங்களை எழுதியவர்களுக்கு அந்தக் கேசட்டுகளிலிருந்து ஒரு காசும் போகவில்லை; அதை எந்தச் சமாதானத்தாலும் மூட முடியாது. ஆனால் கேசட்டுக்குள் இருந்த நிரலின் உரிமை ஒரு கேள்வி, இரண்டு தொலைக்காட்சி முறைகளை இணைத்த கணக்கு இன்னொரு கேள்வி. முதலாவதில் நேர்ந்த தவறு, இரண்டாவதில் இருந்த அறிவை அழித்துவிடாது. உரிமையோடு விற்றவர்களும் எப்போதும் இந்தக் கணக்கைச் செய்துவிடவில்லை. சேகாவின் முதல் சோனிக் ஆட்டம் பால் நாடுகளில் எந்த ஈடுகட்டலும் இல்லாமல் மெதுவாகவே ஓடியது. அடுத்த பாகத்தில்தான் பாட்டின் நடையைச் சரிசெய்தார்கள்.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. அறுபதில் ஓடுவதே படைத்தவர் நினைத்த ஆட்டம், ஐம்பது வெறும் பழுது. இன்றைய எமுலேட்டரில் சரியான வேகத்தில் ஓட்டிவிட்டால் போதாதா? ஆட்டத்தை வடிவமைத்தவரின் நோக்கத்தை அறிய அது போதும். ஒரு சமூகம் எதை விளையாடியது என்று அறிய அது போதாது. 160 விநாடிக்கும் 192 விநாடிக்கும் நடுவில் இருக்கும் 32 விநாடி, ஒரு குழந்தை ஒரு கட்டத்தைத் தாண்டியதா இல்லையா என்பதைத் தீர்மானித்திருக்கும். எமுலேட்டர் எழுதுபவர்களே இதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள்: என்டிஎஸ்சி, பால் என்ற இரண்டுக்கும் பக்கத்தில் டெண்டி என்று மூன்றாவது தேர்வைச் சேர்த்திருக்கிறார்கள். ஆட்டக் கோப்புகளுக்கான நெஸ் 2.0 என்ற வடிவமைப்பில் அதற்கென 3 என்ற எண்ணே உண்டு.

ஆகவே பழைய கேசட்டை மட்டும் சேகரித்து அதன் நிரலைக் கணினியில் ஏற்றுவது அரைவேலை. இந்தியாவில் அது எந்தக் காலக்கணக்கில் ஓடியது என்பது கேசட்டுக்குள் இல்லை, கருவிக்குள் இருக்கிறது. கருவிகளும் எல்லாம் ஒன்றல்ல. சில குளோன்களில் ஒலி அலையின் இரண்டு வடிவங்கள் இடம் மாறியதால் பாட்டின் நாதமே வேறாகக் கேட்கும். ஹாங்காங்குக்கென்று செய்த பெட்டியில் ஒலி படத்திலிருந்து 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும். இந்திய டிவி அதை 5.5இல் தேடும், படம் வரும், சத்தம் வராது. பின்னாளில் வந்த மலிவுப் பெட்டிகளில் எல்லாச் சில்லுகளும் ஒரே கறுப்புப் பிசின் பொட்டுக்குள் புதைந்துவிட்டன. மைசூருவிலோ வேறெங்கோ பழைய சாமான் கடையில் இப்படி ஒரு பெட்டி கண்ணில் பட்டால், மூடியின் திருகாணிகளைக் கழற்றி, சில்லின் மேல் அச்சிட்ட எண்ணையும் படிகத்தின் மேல் உள்ள அதிர்வெண்ணையும் படமெடுத்து, அதோடு கிடைத்த கேசட்டின் பெயரோடு சேர்த்துக் குறித்துவைக்க வேண்டும். 26.6 என்ற எண் அதில் இருந்தால், அது பால் டிவிக்கென்றே செய்த கருவி என்று உறுதியாகும். பக்கத்தில் யூஏ6538 இருந்தால், 51 வெற்றுக் கோடுகளும் அதற்குள் இருக்கின்றன.